கேக் டெக்கரேஷன் கிளாஸ் போகலாமா, யூடியூபே போதுமா?

திருச்சில கேக் டெக்கரேஷன் பிகினர்ஸ் கிளாஸ்னு விசாரிச்சா இப்போ ஏரியாவுக்கு ஒண்ணு சொல்றாங்க. தில்லைநகர்ல இருக்கு, கே.கே.நகர்ல இருக்கு, ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டு மாடில நடக்குது, உறையூர் பக்கம் கேக் பண்ற சாமான் விக்கிற கடைலயே சனி ஞாயிறு எடுக்கறாங்க. ஒரு நாள் கிளாஸ், ரெண்டு நாள் கிளாஸ், வாட்ஸப் குரூப்ல சேத்துட்டு வீடியோ அனுப்புற ஆன்லைன் கிளாஸ்னு வகை வகையா இருக்கு, ஃபீஸும் ஐநூறு ரூபால ஆரம்பிச்சு ஆறாயிரம் வரைக்கும் போகுது. போலாமா வேண்டாமான்னு எனக்கு ரொம்ப நாளா ஓடிட்டே இருந்துச்சு. இப்போ முடிவு பண்ணிட்டேன். என்னவெல்லாம் யோசிச்சேன், என்னவெல்லாம் கேட்டேன்னு எழுதி வைக்கறேன், இதே குழப்பத்துல இருக்கிறவங்களுக்கு ஆகும்.

எனக்கு ஸ்பாஞ்ச், அதான் கிரீம் பூசாத வெறும் கேக், நல்லா வரும். வீட்ல இருக்கிற ஓடிஜிங்கற சின்ன கரண்ட் ஓவன்ல வெனிலா, சாக்லேட், பேரீச்சம்பழ கேக், ரவா கேக் எல்லாம் வாராவாரம் ஏதாவது ஒண்ணு ஓடும், அத்தைக்கு முட்டை ஆகாதுன்னு கண்டென்ஸ்டு மில்க் போட்டு தனியா பண்றதும் பழகிடுச்சு. ஆனா கிரீம் கேக்னு வந்தா பேக்கரில ஆர்டர்தான். இந்த வருஷம் அக்கா பொண்ணுக்கு மொத பொறந்தநாள் சித்திரைல வருது, "கேக் நீதான்டி பண்ற, கடைல நான் சொல்ல மாட்டேன்"னு அக்கா சொல்லிட்டா. சித்திரைல. திருச்சில. அக்னி நட்சத்திரம் பக்கத்துல. வெயில் நாப்பது டிகிரி சர்வசாதாரணமா தொடுற ஊர்ல கிரீம் கேக். அங்கதான் என் யோசனை எல்லாம் ஆரம்பிச்சுது.

மொதல்ல யூடியூப்தான் பார்த்தேன், எல்லாரும் அப்படித்தான். வெளிநாட்டு வீடியோ எல்லாம் அவ்வளவு அழகு, அவ்வளவு பொறுமையா சொல்லித் தர்றாங்க, ஆனா அவங்க கையில இருக்கிறது முக்கால்வாசி பட்டர்கிரீம். வெண்ணெயும் ஐசிங் சுகரும் சேத்து அடிக்கிறது ஒரு வகை, முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சுடுதண்ணி மேல வச்சு எழுபது டிகிரி கிட்ட சூடு ஏத்தி அடிச்சு அப்புறம் வெண்ணெய் சேக்கிறது இன்னொரு வகை. எதுவா இருந்தாலும் அடிப்படை வெண்ணெய்தான், வெண்ணெய் முப்பத்திரெண்டு முப்பத்தஞ்சு டிகிரிக்குள்ள உருகிடும், அதுக்கு முன்னாடியே தளர ஆரம்பிச்சுடும். அவங்க கிச்சன் இருபது டிகிரில இருக்கும்போது டேபிள் மேல கேக்கை வச்சுட்டு ஆற அமர பூ போடலாம். நம்ம கிச்சன்ல ஃபேன் ஓடிட்டு இருக்கும்போதே அது வழியும்.

நம்ம ஊர் பேக்கரிலயும் ஹோம் பேக்கர்ஸ் கிட்டயும் ஓடுறது நான் டெய்ரி விப்பிங் கிரீம். தாவர எண்ணெய்க் கொழுப்புல பண்றது, சர்க்கரை ஏற்கனவே கலந்திருக்கும், ஐஸ் கட்டியா ஃப்ரீசர்ல இருந்து எடுத்துக் குடுப்பாங்க. பால் கிரீமை விட வெயிலைக் கொஞ்சம் தாங்கும், அடிச்சா மூணு நாலு மடங்கு பொங்கும். ஆனா இதுக்குன்னு ஒரு பக்குவம் இருக்கு. மொத நாள் நைட்டே ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்தணும், வெளிய வச்சு கரைய விடக்கூடாது, முழுசா தண்ணியாகறதுக்கு முன்னாடி அங்கங்க ஐஸ் துகள் நிக்கிற பதத்துல அடிக்க ஆரம்பிக்கணும், பாத்திரமும் பீட்டரும் கூட சில்லுன்னு இருக்கணும். கொஞ்சம் கம்மியா அடிச்சா சரியும். கொஞ்சம் கூட அடிச்சா திப்பி திப்பியா ஆகி கேக் மேல தடவும்போது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும். இந்த கம்மிக்கும் கூடுதலுக்கும் நடுவுல இருக்கிறது ரொம்பக் கொஞ்ச நேரம், அதை வீடியோல பார்த்தா எல்லாம் ஒரே வெள்ளையாத்தான் தெரியுது.

இதுல இன்னொண்ணு, சூப்பர் மார்க்கெட்ல கிடைக்கிற அமுல் ஃப்ரெஷ் கிரீம் இருக்கே, அதை அடிச்சு கேக் மேல போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. அதுல கொழுப்பு 25 சதவீதம்தான். அடிச்சு நிக்கணும்னா 30க்கு மேல வேணும், 35 இருந்தா இன்னும் நல்லது. அதனால அதை எவ்வளவு அடிச்சாலும் நிக்காது, அதை சாக்லேட்டோட சேத்து கனாஷ் பண்ணிக்கலாம், அதுக்கு அருமையா இருக்கும். டார்க் சாக்லேட் ரெண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு போட்டா நம்ம வெயிலுக்கு கொஞ்சம் கெட்டியா நிக்கும். எனக்கு இது தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு தெளிவு வந்துச்சு. நான் கத்துக்கப் போறது எந்த கிரீம்ல, எந்த ஊர் வெயில்லங்கறதுதான் மொத கேள்வி. அதுக்கு பதில் சொல்லணும்னா சொல்லித் தர்றவங்களும் இதே வெயில்ல வேலை பாக்குறவங்களா இருக்கணும். கிளாஸ் பக்கம் என் மனசு சாய்ஞ்சது இங்கதான்.

ஆனா கிளாஸ்னாலே நல்லதுன்னு ஆயிடாது. எங்க அபார்ட்மென்ட்ல மேல் வீட்டு அக்கா போன வருஷம் ஒரு கிளாஸ் போனாங்க, எங்கன்னு சொல்ல வேண்டாம். ஒரு ஹால்ல முப்பது பேருக்கு மேல சேர் போட்டு உக்கார வச்சு, முன்னாடி ஒரு டேபிள்ல மேடம் மூணு கேக் பண்ணிக் காட்டினாங்க, எல்லாரும் ஃபோன்ல வீடியோ எடுத்தாங்க, கடைசில ஆளுக்கு ஒரு துண்டு கேக், ஒரு ஜெராக்ஸ் நோட்ஸ், ஒரு சர்டிஃபிகேட். அக்கா கை கிரீம் பையைத் தொடவே இல்ல. "யூடியூப்லயாவது நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்மா, அங்க பின்னாடி சீட்ல உக்காந்து மேடத்தோட முதுகைத்தான் பார்த்தேன்"னு அக்கா ரொம்ப வருத்தமா சொன்னாங்க. இதுக்குப் பேர் டெமோ கிளாஸ். விளம்பரத்துல டெமோன்னு சின்னதா போட்டிருப்பாங்க, இல்ல போடவே மாட்டாங்க. ஹேண்ட்ஸ் ஆன்னு போட்டிருந்தாலும் நம்பிட வேண்டாம், சில இடத்துல நாலு பேருக்கு ஒரு கேக் குடுத்து அதையும் ஹேண்ட்ஸ் ஆன்னு சொல்றாங்க. நாலு பேர்ல தைரியமா முன்னாடி நிக்கிற ஒருத்தங்கதான் முழுசா செய்வாங்க, மத்தவங்க செர்ரி வைப்பாங்க.

அதனால ஃபோன் பண்ணி ஃபீஸ் கேக்கறதுக்கு முன்னாடி, ஆளுக்கு ஒரு கேக்கா, கேக்கை வச்சு சுத்தற டர்ன்டேபிள் ஆளுக்கு ஒண்ணா, ஒரு பேட்ச்ல எத்தனை பேர், இந்த மூணைக் கேட்டுடுங்க. நான் கேட்டதுல பாதி இடத்துல "அதெல்லாம் வாங்க மேடம் பாத்துக்கலாம்"னு சொன்னாங்க. அந்த இடங்களை அப்பவே விட்டுட்டேன்.

ஒரு இடத்துல மட்டும், அவங்களும் வீட்லயே சின்னதா நடத்துறவங்கதான், "நேர்ல வந்து ஒரு அரை மணி நேரம் பாருங்கம்மா, புடிச்சா சேருங்க"ன்னு சொன்னாங்க. போனேன். அஞ்சு பேர் நின்னாங்க, எல்லார் முன்னாடியும் ஒரு அரை கிலோ கேக். ஏசி ரூம், ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சு. ஒரு காலேஜ் பொண்ணு கேக்கோட சைடு லெவல் பண்ணிட்டு இருந்தா. கிரீமை வழிச்சு சமப்படுத்துற பட்டையான ஸ்கிரேப்பரை கேக்கோட பக்கத்துல நேரா நிறுத்தி அழுத்தி இழுக்கறா, இழுக்க இழுக்க கிரீம் பேத்துக்கிட்டு உள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் தெரியுது, அந்தப் பொண்ணு முகமே வாடிப் போச்சு. மேடம் வந்து ஒண்ணும் சொல்லல, அவ மணிக்கட்டைப் பிடிச்சு ஸ்கிரேப்பரை கொஞ்சம் சாய்ச்சாங்க, அடி விளிம்பு போர்டு மேல உக்காந்து இருக்கணும்னு காமிச்சாங்க, அப்புறம் "கையை அசைக்காதம்மா, கை நிக்கட்டும், டேபிளை சுத்து"ன்னாங்க. அவ இடது கையால டர்ன்டேபிளை மெதுவா சுத்தினா. ஒரு சுத்துல கிரீம் பட்டையா ஸ்கிரேப்பர்ல சேந்துச்சு, அதை வழிச்சுட்டு பேத்துக்கிட்டு போன இடத்துல கொஞ்சம் கிரீம் வச்சு இன்னொரு சுத்து. வழவழன்னு வந்துடுச்சு. இதையேதான் நான் எத்தனையோ வீடியோல பார்த்திருக்கேன், எல்லாத்துலயும் நாப்பத்தஞ்சு டிகிரின்னு சொல்றாங்க, ஆனா எவ்வளவு லேசா தொட்டா போதும்னு அந்தப் பொண்ணு கைக்குத் தெரிஞ்சது மேடம் கை அவ மேல இருந்தப்போதான். அதை எந்த வீடியோவும் தராது. நான் முடிவு எடுத்தது அந்த இடத்துலன்னு கூட சொல்லலாம்.

பைல கிரீம் ரொப்பி பிதுக்கி பூ, பார்டர் எல்லாம் போடற பைப்பிங்கும் அப்படித்தான். பையை முக்கால் பாகத்துக்கு மேல ரொப்பக் கூடாது, மேல நல்லா முறுக்கி அந்த முறுக்கை கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பூட்டிக்கணும், அழுத்தறது ஒரு கை, வழி காட்டறது இன்னொரு கை. ஸ்டார் போடணும்னா பை செங்குத்தா நிக்கணும், ஷெல் பார்டர்னா சாய்க்கணும். ரெண்டுலயும் முக்கியம், அழுத்தறதை நிறுத்திட்டுத்தான் பையைத் தூக்கணும். அழுத்திக்கிட்டே தூக்கினா வால் வால் ஆக நீளும். மருதாணி கோன் போட்டுப் பழகினவங்களுக்கு இது சீக்கிரம் வருதுன்னு அந்த மேடம் சொன்னாங்க, அங்க நின்ன அஞ்சு பேர்ல மருதாணி போடற பொண்ணு யாருன்னு பார்டரைப் பார்த்தே சொல்லிடலாம் போல இருந்துச்சு. கை சூடு இன்னொரு பிரச்சனை. ரொம்ப நேரம் பையைப் பிடிச்சுட்டே இருந்தா உள்ளங்கை பக்கம் இருக்கிற கிரீம் இளகி, பூவோட விளிம்பெல்லாம் மழுங்கிடும். அதனால கொஞ்சம் கொஞ்சமா ரொப்பி, மீதியை ஃப்ரிட்ஜ்லயே வச்சுக்கணும். ரொம்ப வேர்க்கிற கைனா ரெண்டு பை வச்சு மாத்தி மாத்தி போடுங்கன்னாங்க.

சின்ன வயசுல நம்ம பேக்கரி கேக்ல ஒரு ரோஸ் இருக்குமே, கெட்டியா, வாயில வச்சா சர்க்கரை கரகரன்னு, ரோஸ் கலர்ல, பக்கத்துல பச்சை இலை, நடுவுல வெள்ளிக் குண்டு. எங்க தெருமுனை பேக்கரில மாஸ்டர் ஒரு ஆணி மாதிரி ஒண்ணை விரல்ல சுத்திக்கிட்டே அந்த ரோஸைப் போடுவார், கண்ணாடி வழியா நின்னு பாத்துக்கிட்டே இருப்போம். அதுக்கு ஃபிளவர் நெயில்னு பேர், அந்த இதழ் போட பை முனைல மாட்டற நாசில் நம்பர் 104, அகலமான பக்கம் கீழ இருக்கணும்னு எல்லாம் இப்பத்தான் தெரியுது. இப்போ எல்லாரும் ரோஸெட்ங்கற சுருள் பூ போடற 1எம் நாசில் வில்டன் கம்பெனி நம்பர். அந்த வில்டனே அமெரிக்கால சிகாகோல 1929ல கேக் டெக்கரேஷன் சொல்லிக் குடுக்கிற கிளாஸா ஆரம்பிச்சதுதான், சாமான் விக்கறது அப்புறம் வந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷமா இந்த வேலையை ஆள் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்துட்டு இருக்காங்கன்னா அதுல காரணம் இருக்கும்னு நான் நம்பறேன். எங்க தெரு பேக்கரி மாஸ்டரும் இன்னொரு மாஸ்டர் பக்கத்துல நின்னுதான் கத்திருப்பார்.

ஃபாண்டன்ட் கிளாஸ் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். பார்பி, கார், யானை எல்லாம் சர்க்கரை மாவுல உருட்டி வைக்கிறது, பாக்க அவ்வளவு அழகா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது தனி வித்தை, காத்துல ஈரம் இருந்தா வேர்த்து பிசுபிசுன்னு ஆகும், ஃப்ரிட்ஜ்ல வச்சு வெளிய எடுத்தாலும் வேர்க்கும், விப்பிங் கிரீம் கேக் மேல நேரா போத்தினா கிரீமோட ஈரத்துல கரையும். கீழ கனாஷோ பட்டர்கிரீமோ வேணும். அதோட முக்கியமா, எங்க வீட்ல யாரும் அதைச் சாப்பிட மாட்டாங்க, உரிச்சு ஓரமா வச்சுடுவாங்க. ஒரு வயசு குழந்தை பொறந்தநாளுக்கு வர்ற நண்டு சிண்டெல்லாம் சாப்பிடற மாதிரி கேக் வேணும் எனக்கு. பிகினர்ஸ் கிளாஸ்லயே ஃபாண்டன்ட், ஓரத்துல வழிய விடற ட்ரிப், ஃப்ளவர், ரெண்டு அடுக்கு கேக் எல்லாம் ஒரே நாள்ல சொல்லித் தர்றோம்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். ஒரு நாள்ல ஒருத்தர் கைக்கு ஏர்றது என்ன? ஸ்பாஞ்சை லேயரா வெட்டறது, சுகர் சிரப் விடறது, கிரீம் அடிக்கற பதம், துகள் வெளிய வராம மெல்லிசா ஒரு கோட் அடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து மேல ஃபைனல் கோட் குடுக்கறது, ரெண்டு மூணு நாசில். அவ்வளவுதான், அதுவே நிறைய.

கலர் பத்தியும் கேட்டேன். 2024ல நம்ம தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாய்ல ரோடமைன் பி கலந்திருக்குன்னு தடை பண்ணினது ஞாபகம் இருக்கும், அது துணிக்குப் போடற சாயம். அதுல இருந்து ரோஸ் கலர்னாலே எனக்கு ஒரு பயம். நம்ம நாட்டுல சாப்பாட்டுக்கு அனுமதிச்ச செயற்கை கலர் எட்டுதான், பாட்டில்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு அமைப்பு குடுக்கிற நம்பர் இருக்கான்னு பாத்து வாங்கணும். மினுமினுப்புப் பொடி வாங்கும்போது இன்னும் கவனம், அலங்காரத்துக்கு மட்டும்னு பொடி எழுத்துல போட்டிருக்கிறதும் அதே ரேக்ல இருக்கும், அது வயித்துக்குள்ள போற சாமான் இல்ல. குழந்தைக்கு அடர்த்தியான கலரே வேண்டாம், பீட்ரூட் சாறை சுண்ட வச்சு ஒரு சொட்டு விட்டாலே இளம் ரோஸ் வந்துடும்னு மேடம் சொன்னாங்க. எனக்கு அந்த பதில் ரொம்பப் புடிச்சுது.

அப்புறம் வீட்ல ஒரு பேச்சு வந்துச்சு. "கிளாஸ் போனா சர்டிஃபிகேட் தருவாங்கல்ல, அதை வச்சு நீ ஆர்டர் எடுக்கலாமே"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். இந்த ஒரு நாள் கிளாஸ் சர்டிஃபிகேட்டுக்கும் விக்கிறதுக்கும் சம்பந்தம் இல்லங்கன்னு சொன்னேன். வீட்ல இருந்து வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு பண்ணித்தான் ஆகணும். அதுக்கு கேக் சர்டிஃபிகேட் எல்லாம் கேக்க மாட்டாங்க. தொழிலாவே பண்ணணும்னு நினைக்கிறவங்க இந்த மாதிரி கிளாஸோட நிக்காம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல நடத்துற பேக்கரி பயிற்சி, பக்கத்துல தஞ்சாவூர்ல இருக்கிற நிஃப்டெம்ங்கற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இதெல்லாம் விசாரிக்கலாம், பாங்க்குங்க நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையத்துல பயிற்சி இலவசம், எந்த மாவட்டத்துல எப்போ பேக்கரி பேட்ச் வருதுன்னு கேட்டு வச்சுக்கணும். அங்க எல்லாம் பன், பிரெட், பிஸ்கட், பாக்கெட் போடறது, விலை போடறதுன்னு பெருசா போகும். எனக்கு இப்போ வேண்டியது அது இல்ல. எனக்கு ஒரு கேக்கை நேரா நிமித்தி, அதுல கிரீமை ஒழுங்கா பூசி, ஓரத்துல ஒரு பார்டர் போடத் தெரியணும்.

காசு கணக்கும் போட்டுப் பார்த்தேன், பெரும்பாலும் ஃபீஸை மட்டும் பாத்துட்டு மத்ததை மறந்துடறோம். டர்ன்டேபிள், நீளமான பேலட் கத்தி, ஸ்கிரேப்பர், நாலு நாசில், பைப்பிங் பை, கேக் போர்டு, இதெல்லாம் பெரிய கடைவீதில மொத்தமா விலை கேட்டு வச்சிருக்கேன். நூறு நாசில் இருக்கிற செட் வாங்கவே வேண்டாம், ஆரம்பத்துல கை போறது மூணு நாலுக்குத்தான். டர்ன்டேபிள்ல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க, லேசான பிளாஸ்டிக்ல சுத்தும்போது ஆடும், அது ஆடினா சைடு நேரா வரவே வராது. கிளாஸ்ல சேந்தா கிட் ஃப்ரீன்னு சில இடத்துல சொல்றாங்க, அந்த கிட்ல வர்றது அந்த ஆடற டேபிள்தான். நான் பாத்த இடத்துல கிட் கிடையாது, ஸ்பாஞ்ச் மட்டும் அவங்களே பண்ணி வச்சுடுவாங்க. எனக்கு அது ரொம்ப நல்லதாப் பட்டுச்சு, ஸ்பாஞ்ச் வேகற நேரத்துக்கு காசு குடுத்து உக்காந்து இருக்க வேண்டியதில்ல பாருங்க, முழு நேரமும் கிரீமோட போகும். ஃபீஸ் 2800 ரூபா. ஆளுக்கு ஒரு கேக், செஞ்ச கேக்கை வீட்டுக்கு எடுத்துட்டு வரலாம்.

யாருக்கு கிளாஸ் தேவையில்லன்னும் சொல்லிடறேன். ஸ்பாஞ்சே இன்னும் சரியா வரலன்னா டெக்கரேஷன் கிளாஸுக்கு அவசரம் இல்ல, நடுவுல எழும்பி ஓரத்துல அமுங்கின கேக்கை எந்த கிரீமும் ஒழுங்கா மறைக்காது, மொதல்ல அதை வீட்லயே நாலஞ்சு தடவை பண்ணி கைக்குள்ள கொண்டு வாங்க. கனாஷ் ஊத்தின கேக், மேல பழம் அடுக்கின கேக், இதோட திருப்திப்படறவங்களுக்கும் வேண்டாம், அதுக்கு யூடியூப் தாராளமா போதும், கனாஷ் ஆறற வரைக்கும் பொறுமையா இருந்தா போதும். கிரீம் பூச்சும் பைப்பிங்கும் வேணும்னு ஆசை இருக்கிறவங்க, அதுலயும் நம்ம ஊர் வெயில்ல அதைப் பண்ணணும்னு இருக்கிறவங்க, ஒரு தடவை ஆள் பக்கத்துல நின்னு கத்துக்கறது நல்லது. அப்புறம் பழகறதுக்கு வீடியோ இருக்கவே இருக்கு.

அட்வான்ஸ் கட்டிட்டேன். பங்குனி கடைசி சனிக்கிழமை பேட்ச். அதுக்கு நடுவுல வீட்ல ஒரு டப்பாவைக் கவுத்துப் போட்டு அது மேல கிரீம் பூசி, வழிச்சு, திரும்பப் பூசிப் பழகப் போறேன், வழிச்ச கிரீமை ஃப்ரிட்ஜ்ல வச்சு திரும்ப அடிச்சுக்கலாம், பழகறதுக்கு வேற என்ன வேணும். கிளாஸ்ல கேக்கறதுக்கு ரெண்டு கேள்வி எழுதி வச்சிருக்கேன். கரண்ட் போய் ஏசி நின்னா பாதி பூசின கேக்கை என்ன பண்றது? அக்கா வீடு லால்குடில, இங்க இருந்து கார்ல மத்தியான வெயில்ல கொண்டு போகணும், கிரீம் கேக்கை மொத நாள் நைட்டே முடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்துட்டுப் போறதா, இல்ல சாமானோட போயி அங்க வச்சே பூசிடறதா? எனக்கென்னவோ அங்க போயி பூசறதுதான் சரின்னு படுது, அக்கா வீட்ல ஒரு ரூம்ல ஏசி இருக்கு, காலைல எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி உக்காந்தா பத்து மணிக்குள்ள முடிச்சுடலாம். மேடம் என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு அதையும் எழுதறேன்.